காரப்பாறையில் வலி வாங்கியவர்கள்

ஒற்றைக்கொம்பன் என்கிற கிழட்டுக் காளை மயிலாத்தாவின் எலும்புக்குள்ளிருந்து வலியை வாங்கிக்கொண்ட சாயங்காலம், காரப்பாறையில் யாரும் அதை அதிசயம் என்று சொல்லவில்லை, காளைக்குத் தீனி வைத்தார்களா என்றுதான் கேட்டார்கள். காய்ச்சல்காரனின் தலையைக் கோழியால் சுற்றி முச்சந்தியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிற ஊர் அது. பிள்ளைக்கு மாந்தம் வந்தால் கறுப்பு ஆட்டின் கழுத்தில் வேப்பிலை கட்டி எல்லைக்கு ஓட்டிவிடுகிற ஊர். மனிதரின் நோய் மிருகத்தின் மேல் ஏறும் என்பது அங்கே பாலில் உறை விட்டால் தயிராகும் என்பது போன்ற சங்கதி. ஆனால் அதுவரை ஆட்கள்தான் ஏற்றிவிட்டார்கள். மாடு தானாக நடந்துவந்து வாங்கிக்கொண்டதை அப்போதுதான் பார்த்தார்கள்.

பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போகிற சாலையில், செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்காக மட்டும் விழித்துக்கொண்டு மற்ற நாளெல்லாம் தூங்குகிற ஊர் காரப்பாறை. சந்தை கலைந்த பிறகு, விலை போகாத கிடேரியும் லாரியில் ஏற்றும்போது கால் ஒடிந்த கன்றும் வேலியோரம் கிடக்கும். யாரும் என்னுடையது என்று சொல்லமாட்டார்கள். சந்தை வாசலில் இட்லிக் கடை வைத்திருந்த மயிலாத்தா கழுநீர் வாளியோடு அவற்றிடம் போவாள், சூட்டுக்கோல் பட்ட இடத்தில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவுவாள், ஒடிந்த காலுக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவாள், மறுநாளோ மறுவாரமோ அவை எழுந்து அவள் பின்னாலேயே நடந்து வரும். அப்படி வந்ததுதான் ஒற்றைக்கொம்பன். கண் போனதும் கல்யாண ஊர்வல வண்டிக்காரன் கைவிட்ட வெள்ளைக் குதிரையும், திருவிழாவில் பிள்ளைகளைச் சவாரி ஏற்றிவந்து சீக்காகிப் படுத்துவிட்ட ஒட்டகமும், உப்பு மூட்டை சுமந்து முதுகு வெந்த கழுதைகளும், எல்லையில் வேப்பிலையோடு விடப்பட்ட கறுப்பு ஆடுகளும், எண்ணிக்கை இல்லாத நாய்களும் அப்படி வந்தவைதான். பிள்ளையில்லாத குறைக்குச் செய்கிறாள் என்று ஊர் பேசியபோது அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்படியெல்லாம் இல்லீங்க. படுத்தது எந்திரிச்சு நிக்கிறதப் பாக்க எனக்குப் புடிக்குமுங்க" என்றாள்.

அவளுக்கும் அவள் புருஷன் சென்னியப்பனுக்கும் அத்தனை சீவன்களுக்கும் இருப்பிடம் மூடிப்போன பஞ்சாலையின் கிடங்கு. ஆலைக்கும் சந்தை நிலத்துக்கும் சொந்தக்காரரான நாச்சிமுத்து ஏதோ ஒரு வாடகைக்கு அதை விட்டுவைத்திருந்தார். சென்னியப்பன் சரக்கு வண்டி ஓட்டினான், மயிலாத்தா இட்லி ஊற்றினாள், வந்ததில் பாதி வைக்கோலாகவும் தவிடாகவும் போனது. பெரிய குறையில்லாமல் போய்க்கொண்டிருந்தபோதுதான் அவளுடைய எலும்புக்குள் நோய் புகுந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். ஊசி போட்ட வாரம் அவளால் அடுப்பருகே நிற்க முடியவில்லை, கடை மூடியது. ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் சென்னியப்பனின் சரக்கு நடைகள் நின்றன, பிறகு வண்டியையே விற்றான். அவளுக்கு மாத்திரை வாங்கிய வாரம் மாடுகளுக்குத் தவிடு இல்லை. மாடுகளுக்குத் தவிடு வந்த வாரம் அவள் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டு, மிச்சத்தைத் தலையணைக்குள் ஒளித்து, தினமும் போடுகிறேன் என்று பொய் சொன்னாள். பொழுது சாயும்போது வலி முதுகுத்தண்டில் ஏறும். பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். "ரொம்ப வலிக்குதா புள்ள" என்று அவன் கேட்டால், "கொஞ்சம் குத்துது மாமா, அவ்வளவுதான்" என்பாள்.

மூன்றாவது ஊசி போட்டு வந்த சாயங்காலம், கட்டுத்தறியில் நின்ற ஒற்றைக்கொம்பன் கயிற்றைத் தானே உருவிக்கொண்டு, முற்றத்தைத் தாண்டி, அவள் படுத்திருந்த கட்டிலுக்குப் பின்னால் வந்து நின்றது. கொம்பு முறிந்து வழவழத்துப் போன பக்கத்தால் அவளுடைய முதுகைத் தொட்டு, நெற்றியை அங்கேயே வைத்துக் கண்ணை மூடியது. மயிலாத்தா, நெடுநாள் கழித்து, நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தூங்கிப்போனாள். காளை திரும்பி நடந்தது, பாதி வழியில் முன்னங்கால்கள் மடிந்தன, அடித்தொண்டையில் முனகிக்கொண்டு மண்ணில் சாய்ந்தது. அதன் முதுகுத்தோல் அலையலையாகத் துடித்ததைச் சென்னியப்பன் பார்த்தான். விடியும்போது அது எழுந்து, உடம்பை உதறிவிட்டு, தண்ணீர்த் தொட்டிக்குப் போனது. அடுத்த சாயங்காலம் குருட்டுக் குதிரை சுவரைத் தடவித் தடவி வந்தது. அதற்கடுத்த நாள் ஒட்டகம், வாசலில் குனிந்து நுழைய முடியாமல், மண்டியிட்டு ஊர்ந்து வந்தது.

"ஊசி கேக்குது மாமா. பொழுதோட படுத்தா காலையிலதான் முழிப்பு வருது" என்றாள் மயிலாத்தா.

"ஆமா புள்ள, நல்ல ஊசி" என்றான் சென்னியப்பன். மாட்டின் துடிப்பைப் பார்த்த கண்ணோடு அதைச் சொன்னான். 

அவளைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கால்நடை டாக்டர் வந்து, படுத்துக் கிடந்த கழுதைக்குக் காய்ச்சல் பார்த்து, வயிற்றைத் தட்டிப் பார்த்து, "இதோட நோவு இதோடது இல்லீங்க. மருந்தில்ல. வைக்கோல் மட்டும் நல்லதாப் போடுங்க" என்று சொல்லிக் கைகழுவிக்கொண்டு போனார். நாற்றம் தாங்கவில்லை என்று ஒரு காலத்தில் தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்த எதிர்வீட்டுப் பூவாத்தாள், பருத்திக்கொட்டை ஆட்டி வாளியில் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனாள். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுகிற தரகர்கள் பொழுது சாய்ந்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கோயிலில் சாயங்கால மணியை, வலி வாங்குகிற நேரத்தில் மாடு மிரளக் கூடாது என்று, சற்று முன்னதாகவே அடித்து முடித்தார்கள். கடைசிப் பேருந்தின் கண்டக்டர், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "வலிக்கொட்டாய் எறங்கறவங்க எறங்குங்க" என்று கூவ ஆரம்பித்தார். இன்றைக்கு எதன் முறை என்பது டீக்கடையில் மழை வருமா என்பதைப் போன்ற பேச்சாயிற்று. பல்வலிக்காரர் ஒருவர் ஒட்டகத்தின் முன்னால் போய்த் தாடையைக் காட்டிக்கொண்டு நின்று பார்த்தார்; ஒட்டகம் அவரை முகர்ந்துவிட்டு நகர்ந்து போனது. தான் படுத்திருந்தபோது யார் தண்ணீர் காட்டினார்களோ அவர்களிடம்தான் அது வாங்கும் என்று ஊர் முடிவு செய்து, அதோடு அந்தப் பேச்சை விட்டது.

நாச்சிமுத்து விடவில்லை. அவருடைய ஒரே மகள் மதுவந்திக்குச் சிறு வயதிலிருந்து மூட்டுக்கு மூட்டு வீக்கம்; கல்லூரிக்குப் போகிற வயதில் அவளால் தலைமுடியைத் தானே பின்னிக்கொள்ள முடியவில்லை. அவர் காட்டாத டாக்டர் இல்லை, போகாத ஊர் இல்லை. மயிலாத்தா அயர்ந்து தூங்கிய ஒரு முற்பகலில் அவருடைய கார் கிடங்கு வாசலில் வந்து நின்றது.

"ஒரே ஒரு உருப்படி குடு, சென்னியப்பா. கெடங்கை உம் பொண்டாட்டி பேருக்கே எழுதி வெச்சர்றேன். அவளுக்கு ஆகற வைத்தியமும் என்னுது."

"அதுகளாத்தான் வருதுங்க முதலாளி. நாம ஏவுனா வராதுங்க."

"ஓட்டீட்டு வா. வருதா, வரலையான்னு நாம் பாத்துக்கறேன்." காரின் கதவைத் திறந்தபடியே அவர் தணிவாகச் சொன்னார்: "இல்லீன்னா வெள்ளிக்கெழமை லாரி வரும். அடிமாட்டு யாவாரிகிட்டப் பேசியாச்சு. நாயி ஆடு முதக்கொண்டு எதும் மிஞ்சாது. எனக்கு வேற வழி தெரியலப்பா."

மிரட்டலாக அதைச் சொல்லியிருந்தால் சென்னியப்பன் எதிர்த்திருப்பான். மகளுக்காகக் கெஞ்சுகிற குரலில் சொன்னதால் அவனால் எதிர்க்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில், சந்தை இரைச்சலுக்கு நடுவே, அவன் குருட்டுக் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனான். எங்கே போகிறோம் என்று அதற்குத் தெரியாது என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தான்.

நாச்சிமுத்துவின் வீட்டு முன்கூடத்தில் மதுவந்தியை முக்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். குதிரை பளிங்குத் தரையில் குளம்பு வழுக்கி நின்றது, அவளை முகர்ந்தது, தலையைத் திருப்பிக்கொண்டது. காத்திருந்து பார்த்த நாச்சிமுத்து ஆட்களிடம் கண்ணைக் காட்டினார். மூக்கின் மேல் கயிறு போட்டு, இரண்டு பக்கமும் ஆள் பிடித்து, குதிரையின் நெற்றியை இழுத்து அந்தப் பெண்ணின் முதுகோடு அழுத்தினார்கள். குதிரை கத்தவில்லை. காதுகளை மடித்துக்கொண்டு நடுங்கியது.

"அப்பா, விட்ரச் சொல்லுங்க" என்றாள் மதுவந்தி. "இதோட நெஞ்சு அடிக்கிறது எம் முதுகுல கேக்குது."

"சித்த நேரம் பொறுத்துக்கோ கண்ணு."

"எனக்கு வலிக்கலைங்கப்பா. குதிரைக்குத்தான் பயமா இருக்குது." அவள் வீங்கிய விரல்களால் பின்னால் துழாவிக் கயிற்றைப் பிடித்தாள். "சென்னியப்பண்ணா, கூட்டீட்டுப் போயிருங்க. நல்லா இருப்பீங்க."

கயிற்றை விட்டார்கள். வாசல்படி இறங்கும்போது நாச்சிமுத்துவின் குரல் பின்னால் வந்தது. "வெள்ளிக்கெழமைப்பா."

கிடங்குக்குத் திரும்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. கட்டிலைவிட்டு எழ முடியாத மயிலாத்தா வாசல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குதிரையின் மூக்கில் கயிறு அறுத்த தடத்தைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் ஒட்டிய ரத்தத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். லாரியைத் தவிர அவன் எல்லாவற்றையும் சொன்னான், முதல் நாள் காளையிலிருந்து.

"அப்போ ஊசி இல்ல."

"இல்ல புள்ள."

"இத்தன நாளா அதுக மேல ஏத்திவிட்டுட்டு நான் தூங்கீட்டிருந்திருக்கறேன்."

"நான் ஏத்தல. அதுகளா வந்துச்சு மயிலா. சாமி சத்தியமா அதுகளா வந்துச்சு."

"வந்தா? நீங்க ஒதுக்கி விட்டிருக்கோணுமல்ல. அடிபட்டு, வெந்து, கண்ணவிஞ்சு வந்ததுகள நான் எதுக்கு எந்திரிக்க வெச்சேன்? எம்பட வலியச் செமக்கறதுக்கா?"

அவள் உள்ளே போனாள். கம்பத்திலிருந்து கதவுவரை இருந்த தூரத்தைக் கடக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது, அவன் கை நீட்டியபோது தட்டிவிட்டாள். உள்தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

அன்று ஒரு கழுதையின் முறை. அது கதவருகே வந்து நின்றது, கதவு திறக்கவில்லை, நின்றுகொண்டே இருந்தது. மறுநாள் சாயங்காலம் ஆடுகள் வந்தன, பிறகு நாய்கள், பிறகு முற்றம் கொள்ளாமல் எல்லாமும். குரைப்பில்லை, கனைப்பில்லை, ஒற்றைக்கொம்பன் மட்டும் நெற்றியால் கதவை இடித்தது, நிறுத்தியது, இடித்தது. உள்ளேயிருந்து வந்த முனகலும் வெளியே விழுந்த இடியும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதைப் போல மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்க, ஊர் அதைக் கேட்டபடி சோறு பிசைந்தது, விளக்கேற்றியது, பிள்ளைகளைப் படிக்கச் சொன்னது, எதிலும் மனம் ஓடாமல் தட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தது. டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. வாங்குவதற்கு ஆள் இருக்கும்போது வேண்டாம் என்பது திமிர் என்றார்கள் சிலர். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நம்மில் யாருக்கு அப்படித் தோன்றியது என்றார்கள் சிலர். பூவாத்தாள் கதவடியில் வந்து உட்கார்ந்து, "மயிலாத்தா, தொற அம்மிணி. எங்கூட்ல யாருக்கும் சோறு எறங்கல" என்றாள். உள்ளேயிருந்து பதில் வந்தது, சிதறிச் சிதறி: "சோறு வேண்டாம்னா... அதுகளுக்கு வெய்யுங்கக்கா."

வெள்ளிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் சென்னியப்பன் சீவன்களையெல்லாம் கிடங்கின் பின்கட்டுக்கு ஓட்டிப் படலைச் சாத்தினான். "யாரையும் விடல. நான் மட்டுந்தான்" என்றான் கதவிடம். தாழ்ப்பாள் மெல்ல விலகியது.

அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான், டம்ளர் அவள் பல்லில் மோதித் தண்ணீர் கழுத்தில் வழிந்தது. லாரி வரப்போவதைச் சொல்லலாமா என்று நினைத்து விட்டுவிட்டான். என்ன செய்வது என்று தெரியவில்லை. கட்டிலுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தான், அழுகை வந்தது, அழுகிறவன் எதிலாவது தலையைச் சாய்ப்பதைப் போல அவளுடைய முதுகில் நெற்றியைச் சாய்த்தான். வாங்கவேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. ஆனால் வந்தது.

சூடான கம்பி ஒன்று நெற்றி வழியாக இறங்கி, முதுகெலும்பின் ஒவ்வொரு கணுவையும் திருகித் திறந்து, இடுப்பில் போய்த் தேங்கியது. பஞ்சாலைச் சுவர், கட்டில், அவனுடைய பெயர், எதுவும் அந்த நேரத்தில் இல்லை. இதைத்தான் அவள் கொஞ்சம் குத்துது என்று சொல்லியிருக்கிறாள் என்பது மட்டும் இருந்தது. மயிலாத்தா புரண்டு பார்த்தபோது அவன் தரையில் சுருண்டு கிடந்தான்.

"என்ன மாமா பண்ணுனீங்க?"

 அவள் எழுந்தாள், காலூன்றி நின்றாள், அவனைக் கைத்தாங்கலாக முற்றத்துக்குக் கொண்டுவந்து வைக்கோலில் படுக்கவைத்தாள். பின்கட்டுப் படலைத் திறந்ததும் சீவன்கள் வந்து அவனைச் சுற்றி நின்றுகொண்டன. மிருகத்துக்கு விடியலில் இறங்குகிற வலி மனிதனுக்கு அவ்வளவு சீக்கிரம் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை வெயில் முற்றத்துக்கு வந்தபோதும் அவன் கிடந்த நிலையிலேயே கிடந்தான்.

அந்த வெயிலோடுதான் லாரிகள் வந்தன. முன்னால் நாச்சிமுத்துவின் கார். லாரி போகுமானால் நானும் வருவேன் என்று பிடிவாதமாக ஏறி உட்கார்ந்திருந்த மதுவந்தி பின்னிருக்கையில் இருந்தாள். வியாபாரியின் ஆட்கள் கயிற்றோடு இறங்கினார்கள். தெருவில் கூட்டம் கூடியது, பூவாத்தாள் கிடங்கு வாசலின் குறுக்கே வந்து நின்றாள்.

நாச்சிமுத்து உள்ளே வந்து, நடமாட முடியாதவள் நின்றுகொண்டிருப்பதையும், நன்றாக இருந்தவன் விழுந்து கிடப்பதையும் பார்த்தார். அவன் முதுகு, அவர் கேள்விப்பட்டிருந்த அந்தக் காளையின் முதுகைப் போலவே, அலையலையாகத் துடித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்தது, புரியாததைப் போல நின்றார்.

"எம் மக படற பாட்ட நீ பாத்ததில்ல மயிலாத்தா" என்றார். "ஒண்ணக் குடு. கும்புட்டுக் கேக்கறேன்."

"அதுக வாயில்லாததுங்க. வேண்டாம்னு சொல்ல அதுகளுக்குத் தெரியாதுங்க" என்றாள் மயிலாத்தா. குரலை உயர்த்தவில்லை. "உங்களுக்கு நெத்தி இல்லீங்களா?"

லாரியின் எஞ்சின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. நாச்சிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்தார். வாசலைப் பார்த்தார், கயிற்றோடு நின்ற ஆட்களைப் பார்த்தார், வாசலுக்கு வெளியே காரைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஒவ்வொரு அடியையும் யோசித்து வைத்து வருகிற மகளைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்தவனுக்கு அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"சென்னியப்பா, தாங்க முடியுமா?"

சென்னியப்பன் கண்ணைத் திறந்தான். "முடியாதுங்க முதலாளி" என்றான். "ஆனா மயிலா தாங்கியிருக்கறா."

மதுவந்தி வந்துசேர்ந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாங்கப்பா" என்றாள், பின்னால் நகரப் பார்த்தாள், அவளால் வேகமாக நகர முடியவில்லை. அவர் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். சந்தையில் யாருக்கும் குனியாத மனிதர், வெள்ளை வேட்டியோடு சாணித் தரையில் முழங்காலிட்டார், கண்ணாடியைக் கழற்றக்கூட மறந்து, மகளின் முதுகில் நெற்றியை வைத்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. கயிறு வைத்திருந்த ஒருவன் இருமினான். பிறகு கண்ணாடி நழுவி விழுந்தது, அவருடைய பத்து விரல்களும் கோணிக்கொண்டு உள்ளே மடிந்தன, அவர் பக்கவாட்டில் சரிந்தார்.

யாரும் சொல்லாமலே முதல் லாரிக்காரன் எஞ்சினை அணைத்தான். சற்று நேரம் கழித்து மறுபடி முடுக்கி, பின்வாங்கி, காலியாகவே திரும்பிப் போனான். இரண்டாவதும் அதன் பின்னால் போனது. மயிலாத்தா அதற்குப் பிறகு இரண்டு ஐப்பசி மழை பார்த்தாள். நோய் அவளைவிட்டுப் போகவில்லை. பூவாத்தாளும், பல்வலிக்காரரும், லாரியில் ஏற்றுகிறபோது கன்றுகளின் காலை ஒடித்த தரகர்களில் சிலரும் பொழுது சாயும் நேரத்தில் அவள் வலியை வாங்கக் கிடங்கு முற்றத்தில் வரிசையில் நின்றார்கள், நிற்காதவர்கள் வைக்கோல் கொண்டுவந்தார்கள், எந்த மிருகத்தையும் அவள் கட்டிலருகே விடவில்லை. ஒற்றைக்கொம்பன் மட்டும் சில நாள் ஆட்களை முட்டித் தள்ளிவிட்டு உள்ளே நுழைந்துவிடும். அன்றைக்கு அவள் அதை ஏசிக்கொண்டே தூங்குவாள்.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை அதெல்லாம் யாருக்கும் தெரியாது. மதுவந்தி தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேராகத் தூக்கி, விரல்களை மடக்கி, விரித்து, மடக்கிப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சட்டென்று குனிந்தாள், அவள் வாழ்நாளில் அப்படிக் குனிந்ததே இல்லை. துப்பட்டாவைச் சுருட்டி அப்பாவின் தலைக்கு அடியில் வைத்தாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தார். நாய் ஒன்று வந்து அவர் காலடியில் படுத்தது.

"அக்கா, இவருக்கு இப்ப நான் என்ன பண்ணோணும்?"

மயிலாத்தா வாளியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"தண்ணி காட்டு" என்றாள். "எந்திரிக்கிற வரைக்கும் பக்கத்துலயே இரு."